மின்சார டிராக்டரின் பேட்டரியில் வீட்டுக்கு மின்சாரம் எடுக்கலாமா?

கேள்வி இதுதான்: கொட்டகையில் பழைய மின்சாரத் தோட்ட டிராக்டர் ஒன்று நிற்கிறது. 36 வோல்ட், ஆறு 6 வோல்ட் லெட் ஆசிட் பேட்டரிகள். கரண்ட் போனால் அதை வைத்து ஃபிரிட்ஜ், விளக்கு, தண்ணீர் மோட்டார் ஓட்டமுடியுமா? கைவசம் ஒரு 12 வோல்ட் இன்வெர்ட்டர் இருக்கிறது. ஆறில் இரண்டு பேட்டரிகளில் மட்டும் அதை மாட்டி, வெளிவரும் மின்சாரத்தை வீட்டின் ஒரு பிளக் பாயின்டில் கொடுத்துவிட்டால் போதாதா? புது லித்தியம் டிராக்டராக இருந்தால் வேலை இன்னும் சுலபமா?

எடுக்கலாம். நான் பல வருடங்களாக எடுத்துக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் கேள்விக்குள் இருக்கும் அந்த இரண்டு யோசனைகளையும் முதலில் கைவிடுங்கள். இரண்டு பேட்டரியில் மட்டும் மாட்டுவது பேட்டரியைக் கொல்லும். பிளக் பாயின்ட் வழியாகக் கொடுப்பது ஆளைக் கொல்லும். இந்த இரண்டையும் ஒழுங்காகச் செய்துவிட்டால் மீதி எல்லாம் கணக்குதான்.

இந்த யோசனை புதிதும் அல்ல. ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனம் 1969-ல் எலெக்-டிராக் என்ற மின்சாரத் தோட்ட டிராக்டரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதுவும் 36 வோல்ட்தான், ஆறு 6 வோல்ட் பேட்டரிகள்தான். வண்டியிலேயே ஒரு மின் இணைப்பு வைத்து, வேலிச்செடி வெட்டும் கருவி, மரம் அறுக்கும் ரம்பம் போன்ற 36 வோல்ட் கருவிகளை வயலிலேயே ஓட்டும்படி செய்திருந்தார்கள். ஓடும் வண்டி நிற்கும்போது மின்சாரக் கிடங்காகவும் இருக்கலாம் என்பது அப்போதே தெரிந்த விஷயம். அந்த வண்டிகளில் சில இன்னும் ஓடுகின்றன. சேசிஸுக்கு வயதாகிவிட்டது, பேட்டரியை மட்டும் மாற்றி மாற்றி ஓட்டுகிறார்கள்.

முதலில் கிடங்கில் எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்போம். இந்த மாதிரி வண்டிகளில் போடும் 6 வோல்ட் டீப் சைக்கிள் (ஆழமாக இறக்கி ஏற்றுவதைத் தாங்கும்) பேட்டரியின் மேல் பெரும்பாலும் 225 ஆம்பியர்-மணி என்று போட்டிருக்கும். 36-ஐ 225-ஆல் பெருக்கினால் 8,100 வாட்-மணி, அதாவது மின்கட்டண ரசீதில் வருகிற கணக்கில் சுமார் 8 யூனிட். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் லெட் ஆசிட் பேட்டரியைப் பாதிக்கு மேல் இறக்கினால் அதன் ஆயுள் குறைகிறது. அதனால் கையில் எடுக்கக்கூடியது 4 யூனிட் என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்வெர்ட்டர் அதில் பத்து, பன்னிரண்டு சதவீதம் சாப்பிடும். வீட்டுக்கு வந்து சேர்வது மூன்றரை யூனிட்.

இன்னொரு கழிவும் உண்டு. அந்த 225 என்பது இருபது மணி நேரம் நிதானமாக, 11 ஆம்பியர் அளவில் இறக்கினால் கிடைக்கும் எண். அதே பேட்டரியில் 75 ஆம்பியர் இழுத்தால் சுமார் 115 நிமிடத்தில் முழுவதும் இறங்கிவிடும். கணக்குப் போட்டால் 144 ஆம்பியர்-மணிதான் வருகிறது. வேகமாக இழுத்தால் மொத்தமே குறைகிறது. வில்ஹெல்ம் பியூகெர்ட் என்ற ஜெர்மன் ஆய்வாளர் 1897-ல் வகுத்த விதி இது. இதை நான் வலியுறுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. 2,000 வாட் ஹீட்டரையோ இண்டக்‌ஷன் அடுப்பையோ போட்டால் 36 வோல்ட் வரிசையில் 63 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். ஒரு மணி நேரத்தைச் சற்றுத் தாண்டியதுமே உங்கள் பாதிக் கிடங்கு காலி. அதே கிடங்கு விளக்குக்கும் ஃபிரிட்ஜுக்கும் ஒரு நாளைக்கு மேல் வரும். சூடு உண்டாக்குகிற எந்தச் சாதனத்தையும் இந்தப் பட்டியலில் சேர்க்கவேண்டாம். சமையலுக்கு கேஸ் இருக்கட்டும்.

ஒரு சாதாரண வீட்டுக்கு எழுதிப் பார்த்தேன். ஃபிரிட்ஜ் நாளொன்றுக்கு 1.2 யூனிட். நான்கு 9 வாட் எல்இடி விளக்குகள் ஐந்து மணி நேரம் எரிந்தால் 0.18. ரவுட்டர் நாள் முழுக்க 0.24. மின்சாரம் குறைவாக எடுக்கும் பிஎல்டிசி மின்விசிறி ஒன்று, 30 வாட், பத்து மணி நேரம், 0.3. போன், லேப்டாப் எல்லாம் சேர்த்து 0.2. மொத்தம் இரண்டு யூனிட்டைக் கொஞ்சம் தாண்டுகிறது. இதோடு எல்லோரும் விட்டுவிடுகிற ஒன்றைச் சேர்க்கவேண்டும்: இன்வெர்ட்டர் எதையும் ஓட்டாமல் சும்மா ஆன் ஆகி நின்றாலே 20 முதல் 50 வாட் வரை இழுக்கும். 25 வாட் என்றே வைத்தாலும் 24 மணி நேரத்துக்கு 0.6 யூனிட். நான்கு விளக்குகளும் ரவுட்டரும் சேர்ந்து செலவழிப்பதைவிட அது அதிகம். ஆகமொத்தம் 2.7 யூனிட். நம்மிடம் இருப்பது மூன்றரை. ஒரு பகல், ஓர் இரவு, மறுநாள் முற்பகல் வரை ஓடும்.

நீட்டிக்க வேண்டுமானால் இன்வெர்ட்டரை அணைத்து அணைத்துப் போடுங்கள். கதவைத் திறக்காத ஃபிரிட்ஜ் சுமார் நான்கு மணி நேரம் குளிர்ச்சியைப் பிடித்து வைத்திருக்கும். நிறைய அடைத்த ஃப்ரீஸர் இரண்டு நாள் கூடத் தாங்கும். ஃபிரிட்ஜ் ஓடுகிற நேரத்திலேயே போன், லேப்டாப், சார்ஜ் விளக்கு எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டால் நடு இரவில் இன்வெர்ட்டர் நிற்கலாம்.

தண்ணீர் மோட்டாரைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஒரு குதிரைத் திறன் மோட்டார் ஓடும்போது ஆயிரத்துச் சொச்சம் வாட் எடுக்கும், அதைச் சமாளிக்கலாம். ஆனால் கிளம்பும் அந்த ஒரு நொடியில் ஐந்தாறு மடங்கு கேட்கும். 2,000 வாட் இன்வெர்ட்டர் அந்த நொடியில் 4,000 வரை கொடுக்கும், அதற்குமேல் 'ஓவர்லோடு' என்று நின்றுவிடும். ஆழ்துளைக் கிணற்று மோட்டார் என்றால் சந்தேகமே வேண்டாம், நிற்கும். புயல் எச்சரிக்கை வந்த அன்றே மேல்நிலைத் தொட்டியை நிரப்பி வைப்பது மோட்டாருக்காகப் பெரிய இன்வெர்ட்டர் வாங்குவதைவிட நல்ல வழி. ஃபிரிட்ஜுக்கும் இந்தத் தொடக்க இழுப்பு உண்டு, ஆனால் சிறியது. 1,500 வாட்டுக்கு மேற்பட்ட இன்வெர்ட்டர் பெரும்பாலும் தாங்கும். வாங்கும்போது பியூர் சைன் வேவ், அதாவது தெரு லைன் மின்சாரம் போன்ற சீரான அலை, என்று பார்த்து வாங்குங்கள். மலிவான சதுர அலை ரகத்தில் மோட்டார்கள் சூடேறும், மின்விசிறி முனகும், சில சார்ஜர்கள் எரிந்தே போகும்.

இப்போது அந்த 12 வோல்ட் இன்வெர்ட்டர் விஷயத்துக்கு வருகிறேன். இதை நான் செய்து கெட்டவன், அதனால் விவரமாகச் சொல்கிறேன். ஆறு பேட்டரிகள் வரிசையாக ஒன்றோடொன்று கோத்திருக்கின்றன. வரிசையின் கடைசி இரண்டிலிருந்து வயர் எடுத்தால் சரியாக 12 வோல்ட் கிடைக்கும். அந்த இரண்டில் ஒரு சின்ன இன்வெர்ட்டரை மாட்டி ஒரு மழைக்காலம் முழுக்க விளக்கும் ரேடியோவும் ஓட்டினேன். ஒரு குறையும் தெரியவில்லை. சில மாதம் கழித்து டிராக்டர் மேட்டில் ஏறும்போது திணறியது. மூடிகளைத் திறந்து, ஆசிட்டின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர் விட்டுப் பார்த்தேன். நான்கு பேட்டரிகளில் கிராவிட்டி, அதாவது அந்த அடர்த்தி, நிறைந்த பேட்டரிக்கு உரிய 1.275 அருகில் நின்றது. அந்த இரண்டில் மட்டும் மிதவை தாழ்ந்து 1.200-ஐக் கூடத் தொடவில்லை, இரவு முழுக்க சார்ஜ் போட்ட பிறகும்! இன்னொன்றும் அப்போதுதான் உறைத்தது: அந்த நல்ல நான்கிலும் டிஸ்டில்டு வாட்டர் அடிக்கடி குறைந்துகொண்டே வந்தது ஏன் என்று.

காரணம் எளிது. தொடர் இணைப்பில் எல்லா பேட்டரிக்குள்ளும் ஓடுவது ஒரே மின்னோட்டம். சார்ஜர் பார்ப்பது மொத்த வோல்டேஜை மட்டும். 36 வோல்ட் வரிசைக்கு அது சுமார் 44 வோல்ட் வரும்போது 'நிறைந்தது' என்று நினைத்துக்கொள்ளும். நான்கு பேட்டரிகள் ஏற்கெனவே நிறைந்திருப்பதால் அவை வேகமாக ஏறி, கொதித்து, மொத்த எண்ணை மேலே தள்ளிவிடுகின்றன. இரண்டு காலியானவை இன்னும் பாதி வழியில் இருக்கும்போதே சார்ஜர் குறைத்துக்கொள்கிறது. அடுத்த நாள் வண்டி ஓட்டும்போது அந்த இரண்டும் முதலில் தீர்கின்றன. மற்ற நான்கும் அவற்றின் ஊடாகவே மின்சாரத்தைத் தள்ளுவதால் தீர்ந்துபோன செல் (ஒவ்வொரு 6 வோல்ட் பேட்டரிக்குள்ளும் இருக்கும் மூன்று 2 வோல்ட் அறைகளில் ஒன்று) தலைகீழாக, எதிர்த்திசையில் ஏறத் தொடங்குகிறது. அப்படி ஒருமுறை ஆன செல் பழைய நிலைக்குத் திரும்புவது அபூர்வம். எனக்கு அந்த இரண்டும் போயின. புதிதாக இரண்டை மட்டும் பழைய நான்கோடு சேர்த்தால் அதே கதை வேறு வடிவில் தொடரும், ஆகவே கடைசியில் ஆறையும் மாற்றினேன்.

அதனால் எடுப்பதானால் முழு வரிசையிலிருந்து எடுங்கள். இதற்கு வழிகள் உண்டு. சிறந்தது 36 வோல்ட்டுக்கே ஆன இன்வெர்ட்டர். 12, 24, 48 அளவுக்குச் சுலபமாகக் கிடைக்காது, ஆனால் தேடினால் உண்டு. அது கிடைக்காதவர்களுக்கு, 36-ஐ 12-ஆகக் குறைக்கும் டிசி கன்வெர்ட்டர் இருக்கிறது. கோல்ஃப் வண்டிகளில் விளக்குக்காகப் போடுவார்கள். முழு வரிசையிலும் சமமாக இழுத்து 30 ஆம்பியர் அளவுக்கு 12 வோல்ட் தரும். அதாவது சுமார் 360 வாட். உங்கள் கைவசம் உள்ள இன்வெர்ட்டரை அதன் பின்னால் வைத்து விளக்கு, ரவுட்டர், மின்விசிறி ஓட்டலாம்; ஃபிரிட்ஜ் கிளம்பும் இழுப்பை அது தாங்காது. ஆறு பேட்டரிகளையும் கழற்றி, இரண்டிரண்டாகத் தொடரில் கோத்து, அந்த மூன்று ஜோடிகளையும் பக்க இணைப்பில் சேர்த்தால் ஒரு பெரிய 12 வோல்ட் கிடங்கு ஆகும் என்று சிலர் சொல்வார்கள். மின்னியல்படி அது சரி, எல்லா பேட்டரியும் சமமாகவே இறங்கும். ஆனால் கரண்ட் போன இருட்டில் ஸ்பேனரோடு ஆறு பேட்டரி இணைப்புகளை மாற்றிக் கோப்பதை நான் யாருக்கும் பரிந்துரைக்கமாட்டேன். ஒரு வயர் மாறினால் கையிலேயே வெடிக்கும். தவிர 12 வோல்ட்டில் 2,000 வாட் எடுக்க 190 ஆம்பியர் வேண்டும். கேபிள் விரல் தடிமனுக்குப் போகும்.

48 வோல்ட் வண்டி வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தலைவலியே இல்லை. பேட்டரியோடு ஓடும் வீட்டுச் சோலார் இன்வெர்ட்டர்கள் பலவும் அதே வோல்டேஜில் வருகின்றன.

இணைப்பை எப்படிச் செய்வது? என் வண்டியில் பேட்டரி வரிசையின் இரு முனைகளிலிருந்தும் 25 சதுர மில்லிமீட்டர் செம்புக் கேபிள் எடுத்து, சீட்டுக்குப் பின்னால் அதிக ஆம்பியர் தாங்கும் பிளக்கான ஓர் ஆண்டர்சன் கனெக்டரில் முடித்திருக்கிறேன். இன்வெர்ட்டர் கொட்டகைச் சுவரில் நிரந்தரமாக இருக்கிறது, அதன் கேபிளில் மறுபாதி கனெக்டர். வண்டியைச் சுவரோரம் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, கனெக்டரைச் சொருகினால் ஆயிற்று. மூன்று மீட்டர் தூரத்துக்கு, போகவர ஆறு மீட்டர் கேபிளில், 65 ஆம்பியர் ஓடும்போது கால் வோல்ட்டுக்குச் சற்று அதிகமாகத்தான் இழப்பு வரும். தூரத்தைக் கூட்டவேண்டுமென்றால் டிசி பக்கத்தில் கூட்டாதீர்கள். இன்வெர்ட்டர் வண்டிக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும், ஏசி வயரை நீட்டுங்கள்.

பேட்டரி பாசிட்டிவிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் ஃபியூஸ் இருக்கவேண்டும். 2,000 வாட் இன்வெர்ட்டருக்கு 100 அல்லது 125 ஆம்பியர், டிசிக்கென்றே செய்தது. வீட்டு மீட்டர் பெட்டியில் இருக்கிற ஏசி பிரேக்கரை இங்கே போடாதீர்கள். ஏசியில் மின்னோட்டம் ஒரு நொடிக்கு நூறு தடவை பூஜ்யத்தைத் தொட்டுப் போகும், அதனால் பொறி தானே அணையும். டிசியில் அந்த இடைவெளியே கிடையாது. பிரேக்கர் திறந்தும் உள்ளே பொறி அணையாமல் எரிந்துகொண்டே இருக்கும். பேட்டரி 36 வோல்ட்தானே, ஷாக் அடிக்காது என்று அலட்சியம் வேண்டாம். ஷாக் அடிக்காமல் போகலாம், ஆனால் இரண்டு டெர்மினலுக்கு நடுவே ஸ்பேனர் விழுந்தால் ஆயிரக்கணக்கான ஆம்பியர் ஓடி அது பற்றவைத்ததுபோல் ஒட்டிக்கொள்ளும். என் ஸ்பேனருக்கு வாய்ப் பகுதியை மட்டும் விட்டு மீதி முழுவதும் இன்சுலேஷன் டேப் சுற்றியிருக்கிறது. மோதிரம், கைக்கடிகாரம், கழுத்துச் சங்கிலி எல்லாம் கழற்றி வைத்த பிறகுதான் பெட்டியைத் திறப்பேன்.

முதல் தடவை கனெக்டரைச் சொருகும்போது 'டப்' என்று நீலப் பொறி தெறித்தால் பயப்படாதீர்கள். இன்வெர்ட்டருக்குள் இருக்கும் கெப்பாசிட்டர்கள் ஒரே கணத்தில் நிரம்புவதால் வருவது அது. ஆனால் அதை வழக்கமாக்கிக்கொள்ளாதீர்கள். ஒவ்வொரு பொறியும் கனெக்டரின் தகட்டைக் கொஞ்சம் தின்னும். தவிர, சார்ஜ் போட்டு முடித்த பேட்டரிக்குப் பக்கத்தில் பொறி ஆகவே ஆகாது. சார்ஜ் ஏறும் முடிவில் லெட் ஆசிட் பேட்டரி ஹைட்ரஜன் விடும். காற்றில் அது 4 சதவீதம் கலந்தாலே வெடிக்கும். சீட்டுக்கு அடியில், மூடிய பெட்டிக்குள் அது தேங்கி நிற்கும். சார்ஜ் போடும்போது பெட்டி மூடியைத் திறந்து வையுங்கள், கொட்டகைக் கதவையும். சார்ஜ் முடிந்தபின் கொஞ்ச நேரம் விட்டுச் சொருகுங்கள். பொறியைத் தவிர்க்க, சுமார் 50 ஓம் ரெசிஸ்டர் ஒன்றின் வழியாகச் சில நொடிகள் முதலில் நிரப்பிவிட்டு, பிறகு நேரடி இணைப்பைக் கொடுக்கலாம்.

இனி வீட்டுப் பக்கம். இரு முனையிலும் ஆண் பிளக் வைத்த வயரைச் செய்து, இன்வெர்ட்டரிலிருந்து சுவர் பிளக் பாயின்டுக்குள் கொடுத்துவிட்டு, மெயினை ஆஃப் செய்துவிட்டால் போதும் என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். மெயினை ஆஃப் செய்ய ஒருமுறை மறந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். உங்கள் வீட்டு மின்சாரம் தெருவில் இருக்கும் டிரான்ஸ்ஃபார்மருக்குப் போகும். டிரான்ஸ்ஃபார்மருக்குத் திசை தெரியாது. மேலிருந்து வருவதைக் குறைப்பதுபோல, கீழிருந்து வருவதை ஆயிரக்கணக்கான வோல்ட்டாக உயர்த்திவிடும். அறுந்த கம்பியைச் சரிசெய்ய, லைன் செத்துவிட்டது என்று நம்பிக் கம்பத்தில் ஏறியிருப்பவர் அதைத் தொடுவார். அவர் உங்கள் வீட்டு வெளிச்சத்துக்காகவே மழையில் ஏறியிருப்பவர். இதில் சலுகை எதுவும் கிடையாது.

சரியான வழி சேஞ்ச்ஓவர் சுவிட்ச். வீடு ஒன்று தெரு லைனோடு இணைந்திருக்கும், அல்லது இன்வெர்ட்டரோடு. ஒரே நேரத்தில் இரண்டும் முடியவே முடியாதபடி இயந்திர அமைப்பிலேயே தடுத்திருக்கும். உரிமம் பெற்ற எலெக்ட்ரீஷியன் ஒருவர் அரை நாளில் செய்து தருவார். எல்லாச் சுற்றுகளையும் மாற்றவேண்டாம். விளக்கு, ஃபிரிட்ஜ், ரவுட்டர் உள்ள சுற்றுகளை மட்டும் பிரித்து ஒரு சின்னப் பெட்டியில் போடச் சொல்லுங்கள். அப்போது யாரோ மறந்து ஹீட்டரைப் போட்டாலும் இன்வெர்ட்டருக்கு வராது. அவரிடம் நியூட்ரல்–எர்த் இணைப்பைப் பற்றிக் கட்டாயம் பேசுங்கள். சில இன்வெர்ட்டர்களில் நியூட்ரல் மிதந்துகொண்டிருக்கும். எர்த்தோடு சேராத நிலையில் ஷாக்கிலிருந்து காக்கும் ஆர்சிசிபி வேலை செய்யாது. வேறு சில இன்வெர்ட்டர்களில் வெளியீட்டு வயர் எதையும் எர்த் செய்யவே கூடாது. இன்வெர்ட்டரோடு வந்த கையேட்டை அவர் கையில் கொடுத்துவிடுங்கள். இதெல்லாம் வேண்டாம் என்றால், வீட்டு வயரிங்கைத் தொடாமல், இன்வெர்ட்டரிலிருந்து ஒரு நல்ல எக்ஸ்டென்ஷன் போர்டை ஜன்னல் வழியாக நீட்டி ஃபிரிட்ஜையும் ஒரு விளக்கையும் நேரே அதில் மாட்டுங்கள். பார்க்க அழகில்லை, ஆனால் தெரு லைனுக்கு எந்தத் தொடர்பும் இல்லாத வழி. முதல் வருடம் முழுக்க நான் அப்படித்தான் ஓட்டினேன்.

எப்போது நிறுத்துவது என்பதில் பலர் இன்வெர்ட்டரின் பீப் சத்தத்தை நம்புகிறார்கள். நம்பாதீர்கள். 36 வோல்ட் இன்வெர்ட்டர் பொதுவாக 31.5 வோல்ட் அளவில்தான் கத்தி நிற்கும். அது ஒரு செல்லுக்கு 1.75 வோல்ட், அதாவது பேட்டரி முழுவதும் தீர்ந்த நிலை. பாதியில் நிறுத்தவேண்டியவர் நீங்கள். நிறைந்த வரிசை, சுமை இல்லாமல் சில மணி நேரம் ஓய்ந்த பிறகு 38.2 வோல்ட் காட்டும். 36.3 என்றால் பாதி. விளக்கும் ரவுட்டரும் மட்டும் ஓடுகிற சிறு சுமையில் 36-ஐத் தொட்டுவிட்டால் போதும் என்று நான் வைத்திருக்கிறேன். ஃபிரிட்ஜ் கிளம்பும்போது ஒரு கணம் 34-க்கு இறங்கி ஏறுவதைக் கண்டு கலங்கவேண்டாம். இதைவிடச் சரியாகத் தெரியவேண்டுமென்றால் நெகட்டிவ் கேபிளில் ஷன்ட் (ஓடும் மின்னோட்டத்தை அளக்க உதவும் சின்ன உலோகத் தகடு) வைத்து, போன ஆம்பியர்-மணியை எண்ணும் மீட்டர் ஒன்று போட்டுவிடுங்கள். நான் போட்ட உபகரணங்களில் அதிகம் பயன்பட்டது அதுதான்.

பழைய பேட்டரி என்றால் இத்தனையும் செய்வதற்கு முன்னால் ஒரு சோதனை. நிறைய சார்ஜ் போட்டு, ஓய்வு கொடுத்து, இன்வெர்ட்டரில் 1,500 வாட் சுமை ஒன்றை ஐந்து நிமிடம் ஓட்டுங்கள். அது ஓடிக்கொண்டிருக்கும்போதே மல்டிமீட்டரை ஒவ்வொரு பேட்டரியின் மேலும் வையுங்கள். ஐந்து பேட்டரிகள் 6.0 காட்ட, ஒன்று மட்டும் 5.4 காட்டினால் உங்கள் கிடங்கின் அளவு அந்த ஒன்றின் அளவுதான். மொத்த வோல்டேஜை மட்டும் பார்த்தால் இந்தக் குறை மறைந்துவிடும்.

வீட்டுக்காக எடுப்பதால் பேட்டரி சீக்கிரம் போய்விடாதா என்றும் கேட்பார்கள். வருடத்தில் பத்து, பதினைந்து தடவை பாதி வரை இறக்குவதால் பெரிய சேதமில்லை. அதைவிட அதிக தடவை வண்டியே இறக்குகிறது. சேதம் வருவது காலியாகவே நிறுத்திவைப்பதால். இறங்கிய லெட் ஆசிட் பேட்டரியில் சில நாட்களிலேயே தகட்டின் மேல் சல்பேட் இறுகத் தொடங்கும். வேலை முடிந்து வண்டி உள்ளே வந்ததும் சார்ஜரைச் சொருகும் பழக்கம் வேண்டும். இது பேட்டரிக்கும் நல்லது, மின்வெட்டுக்கும் நல்லது. வண்டியை மாற்று மின்சாரமாக வைத்திருப்பதில் இருக்கிற உண்மையான பலவீனம் இதுதான்: காலையில் புல் வெட்டி முடித்த நேரத்தில் கரண்ட் போனால் கிடங்கு ஏற்கெனவே பாதி. எப்போதும் நிறைந்தே இருக்கவேண்டும், வீட்டில் மருத்துவக் கருவி ஓடுகிறது என்கிற நிலைமையில் இருப்பவர்கள் டிராக்டரை நம்பாமல் தனி பேட்டரி வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு நாளைத் தாண்டி கரண்ட் வராவிட்டால் திரும்ப நிரப்பும் வழி வேண்டும். இங்கே சின்ன ஜெனரேட்டரும் டிராக்டரும் சேர்ந்து நன்றாக வேலை செய்யும். ஜெனரேட்டரை நாள் முழுக்க நான்கு விளக்குக்காக ஓட்டினால் எரிபொருளில் பாதி வீண். அதற்குப் பதில் 2 கிலோவாட் ஜெனரேட்டரை நான்கு மணி நேரம் மட்டும் ஓட்டி, 25 ஆம்பியர் சார்ஜர் வழியாக டிராக்டரை ஏற்றினால் சுமார் 100 ஆம்பியர்-மணி திரும்பி வந்துவிடும், கிட்டத்தட்ட நீங்கள் எடுத்த பாதி. மிச்ச இருபது மணி நேரமும் வீடு சத்தமில்லாமல் இருக்கும். கடைசிக் கொஞ்சம் மட்டும் மெதுவாகத்தான் ஏறும், அதற்காக ஜெனரேட்டரை ஓட்டவேண்டாம். கரண்ட் வந்தபின் நிரப்பிக்கொள்ளலாம். சோலார் என்றால், 36 வோல்ட் வரிசைக்கு 44 வோல்ட்டுக்கு மேல் தேவை. 60 செல் பேனல் ஒன்று 30 வோல்ட் சொச்சம்தான் தரும். ஆகவே இரண்டைத் தொடரில் கோத்து, பேனலின் வோல்டேஜைப் பேட்டரிக்கு ஏற்றபடி மாற்றித் தரும், 36 வோல்ட்டுக்கு அமைக்கக்கூடிய எம்பிபிடி கன்ட்ரோலர் வழியாக ஏற்றவேண்டும். 800 வாட் பேனல் நல்ல வெயில் நாளில் இரண்டரை யூனிட் அளவுக்குக் கொடுக்கும். மேலே போட்ட வீட்டுக் கணக்குக்கு ஏறக்குறைய அது ஒரு நாள் செலவு.

லித்தியம் டிராக்டர் விஷயத்தில் என் பதில் வேறு. கிடங்கு பெரிது, 22 யூனிட், 25 யூனிட் எல்லாம் சிறிய வண்டிகளிலேயே வருகின்றன, அதில் எண்பது சதவீதத்துக்கு மேல் தயங்காமல் எடுக்கலாம். வேகமாக இழுத்தாலும் மொத்தம் அதிகம் குறையாது. ஆனால் உள்ளே கைவைப்பது கடினம். 72 வோல்ட் என்று சொல்லப்படும் எல்எஃப்பி (லித்தியம் அயர்ன் பாஸ்பேட்) பேட்டரியில் பெரும்பாலும் 24 செல்கள்; நிறைந்து ஓய்ந்த நிலையில் 80 வோல்ட் இருக்கும், சார்ஜ் ஏறும்போது 87-ஐத் தொடும். 48 வோல்ட் இன்வெர்ட்டர்கள் பெரும்பாலும் 60-ஐ ஒட்டிய வோல்டேஜுக்குமேல் தாங்காது. மாட்டிய கணமே புகையும். தவிர, 60 வோல்ட் டிசிக்கு மேல் போனாலே தொட்டால் ஆபத்து என்று கணக்கில் கொள்ளவேண்டும். பேட்டரிக்குள் இருக்கும் பிஎம்எஸ் என்ற காவல் சுற்று, சாவி போட்டு வண்டியின் கம்ப்யூட்டர் சம்மதம் சொன்னால்தான் கான்டாக்டரை, அதாவது பேட்டரியை வெளியே இணைக்கும் பெரிய சுவிட்சை, மூடும். சாவியை எடுத்தால் முனையில் மின்சாரமே இருக்காது. அந்த பிஎம்எஸ்ஸைத் தாண்டி உள்ளே வயர் எடுத்தால் ஒவ்வொரு செல்லையும் காக்கிற காவலையே தாண்டிவிட்டீர்கள் என்று அர்த்தம்.

பெரிய வண்டிகள் இன்னும் தூரம் போகின்றன. ஃபென்ட் நிறுவனம் 2017-ல் காட்டிய இ100 வேரியோவின் பேட்டரி 650 வோல்ட், 100 யூனிட் அளவு. அப்படிப்பட்ட ஒன்றின் ஆரஞ்சு நிறக் கேபிளை வீட்டில் யாரும் திறக்கவே கூடாது. அங்கே கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுதான்: வண்டியிலேயே ஏசி வெளியீடு இருக்கிறதா, எத்தனை கிலோவாட்? இருந்தால் அதிலிருந்து சேஞ்ச்ஓவர் சுவிட்சுக்கு. இல்லையென்றால் அந்த வண்டியை மாற்று மின்சாரமாகக் கணக்கில் எடுக்காதீர்கள். கார்களில் இந்தப் பாதை முன்பே திறந்துவிட்டது. 2011 நிலநடுக்கத்துக்குப் பிறகு ஜப்பானில் நிசான் தன் லீஃப் காரின் பேட்டரியிலிருந்து வீட்டுக்கு 6 கிலோவாட் வரை கொடுக்கும் பெட்டியை 2012-ல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. டிராக்டர் செய்கிறவர்களும் அதைத் தரவேண்டும் என்று வாங்குகிறவர்கள் கேட்கவேண்டும், ஏனென்றால் மின் வழித்தடத்தின் கடைக்கோடியில், மின்சாரம் கடைசியாகத் திரும்பி வருகிற வீடுகளில்தான் டிராக்டர்கள் நிற்கின்றன. ஒரு குறிப்பு: குளிர்ப் பகுதியில் இருப்பவர்கள் லித்தியம் பேட்டரியை உறைநிலைக்குக் கீழே சார்ஜ் செய்யக்கூடாது. எடுக்கலாம், ஏற்றக்கூடாது.

உங்கள் 36 வோல்ட் வண்டிக்கு நான் சொல்லும் வரிசை: முதலில் அந்த ஐந்து நிமிடச் சோதனை, பிறகு கேபிள், ஃபியூஸ், கனெக்டர், பிறகு இன்வெர்ட்டர், அதுவரை ஜன்னல் வழி எக்ஸ்டென்ஷன், கடைசியில் சேஞ்ச்ஓவர். எல்லாம் முடிந்ததும் கரண்ட் இருக்கிற ஒரு விடுமுறை நாளில் மெயினை நீங்களே ஆஃப் செய்து மாலை ஆறிலிருந்து பத்து வரை டிராக்டரில் ஓட்டிப் பாருங்கள். அரை மணிக்கு ஒருமுறை வோல்டேஜை ஒரு தாளில் எழுதி, அந்தத் தாளை இன்வெர்ட்டருக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டிவிடுங்கள். நீங்கள் வெளியூரில் இருக்கும்போது கரண்ட் போனால், வீட்டில் இருப்பவர் டார்ச் அடித்துப் பார்க்கப்போவது அந்தத் தாளைத்தான்.